பட்டி பார்த்த பெருவாழ்வு
இரும்பும் ஈரமும் உயிர்வளியும் கூடிப் பெற்ற செந்நிறப் பிள்ளையே துரு எனப்படும். கடற்காற்றின் உப்பு அப்பிள்ளையைச் சீராட்டி வளர்க்கும் செவிலித்தாய் ஆதலால், 2014இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 வண்டிகளுள் சென்னைக் கடலோரத்தில் நின்று முதிர்ந்தவற்றில் அது செழித்தே காணப்படும். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைக்கும் டிங்கரிங் முறை, பணத்தின் அருமை அறியாதோர்க்கு உரியது. சிக்கனம் கற்றோர், துருவை உப்புத்தாளால் ஒப்புக்குத் தடவிவிட்டு, ஓட்டைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து (தலையங்கப் பக்கம் நன்கு அடைக்கும்), அதன்மேல் பட்டியை, அதாவது ஹார்டனர் கலந்தால் கல்லாக இறுகும் பசையைப் பூசி, வண்ணமும் அடித்து முடிப்பர். உள்ளே ஈரம் தங்கித் துரு பரவும் என்பது உண்மையே. எனினும் அடுத்த மழைக்காலத்தில் அடுத்த பட்டி பூசலாம் என்பதால், ஆண்டுதோறும் இரும்பு தேய்ந்து பட்டி பெருகி, முடிவில் துருப்பிடிக்கவே இயலாத வண்டி ஒன்று உருவாகிவிடும். இத்தகைய வண்டியை வாங்க வருவோர் கதவில் காந்தத்தை வைத்துப் பார்த்து, அது ஒட்டாமல் விழுந்ததும், வந்த வழியே திரும்புவர். எஞ்சியிருப்பது பழைய இரும்புக் கடையே. அங்கே பட்டியை எடைபோடுவதில்லை.