மருமவனே, மலை எங்கயும் போகாது

வாரும் வே மருமவனே! பேங்கு வேலைக்கு விருப்ப ஓய்வு குடுத்துட்டு, படம் போட வந்திருக்கீராம்ல. சந்தோசம். மூணு கால் ஸ்டாண்டு, மடக்கு நாற்காலி, பெரிய குடை, சாயத்துக்கு மட்டும் ரெண்டு பை. அறுப்பு மிசினைக்கூட இதைவிடச் சுளுவா வயல்ல எறக்கிருவோம்.

சின்னப் புள்ளையில அடுப்புக்கரியால எங்க வீட்டுச் சுவர்ல காளையப் போட்டீரே, அன்னைக்கி எந்தக் கடையில சாமான் வாங்குனீரு? உங்க அத்தை குடுத்த பூசைக்குப் பொறகும் மறுநாளே பசுவைப் போட்டவருதானே நீரு.

நேத்து சாயங்காலம் வரப்புல உக்காந்து, பொதிகை கருப்பாத் தெரியுதுன்னு பொலம்புனீராம். மேற்க நிக்கிற மலைக்குப் பின்னால சூரியன் எறங்குனா, மலை பின்ன எப்படித் தெரியும்? வெள்ளன வாரும். கெழக்கு வெயிலு மூஞ்சில அடிச்சாத்தான் மடிப்பு மடிப்பாத் தெரியும். தாளை மட்டும் நெழல்ல வச்சுக்கிடும். வெயில்ல வெள்ளைத் தாளு கண்ணைக் கூச வைக்கும், கை தன்னால சாயத்தைக் கூட்டிரும். வீட்டுக்குள்ள வந்து பாத்தா படம் இருண்டு கெடக்கும்.

அப்புறம் அந்தப் பச்சை! ட்யூபுல இருந்து பிதுக்கி அப்படியே அப்பியிருக்கீரே, எந்த ஊரு வயலு வே அது? நாத்தங்கால்ல மஞ்சள் ஓடுன பச்சை. நட்டுத் தூர் கட்டுன பயிருன்னா கரும்பச்சை. கதிர் முத்துச்சுன்னா திரும்ப மஞ்சள் ஏறிரும். மஞ்சளையும் நீலத்தையும் நீரே கலந்து, துளி செவப்பு போட்டுப் பாரும்; பச்சை அடங்கும்.

தாளைப் பாத்துப் பயமா? உம்ம மவ போன்ல படிச்சுக் காட்டுனா. சர்ச்சில் துரை 1915-ல பதவி போயி, நாப்பது வயசுலதான் தூரிகையத் தொட்டாராம். யுத்தத்துக்கு அஞ்சாத மனுசன் வெள்ளைத் துணி முன்னால தயங்கி நிக்க, லாவரிங்கிற ஓவியரு வீட்டம்மா வந்து தூரிகைய வாங்கி இழு இழுன்னு இழுத்துக் காட்டியிருக்கா. உமக்கும் வேணும்னா உங்க அத்தைய அனுப்புதேன். விளக்குமாத்தோட வருவா.

மோனேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு படத்தையும் காட்டுனா. வேற என்னத்த, வயக்காட்டுப் போருதான்! 1890-91-ல அறுத்த கோதுமைப் போரையே வெயில்லயும் பனியிலயும் ஏறத்தாழ 25 படம் போட்டிருக்காரு. வெளிச்சம் மாற மாற அடுத்த படத்தை எடுத்து வச்சுக்கிடுவாராம். அதுல ஒண்ணு 2019-ல நியூயார்க் ஏலத்துல 11 கோடி டாலருக்கு மேல போயிருக்கு. எங்கிட்டயும் ஒரு போரு இருக்கு, மாடு தின்னது போக மிச்சம். வெலை பேசுவமா?

நாளைக்கு ஒரு தாளு, மூணு சாயம், செம்புல தண்ணியோட வாரும். மொதல்ல நெழலைக் குறிச்சுக்கிடும், அதுதான் சீக்கிரம் நகரும். ரெண்டு மணி நேரத்துல முடியலையா, மூடி வச்சுட்டு மறுநாளு அதே எடத்துல உக்காரும். நல்லா வந்துச்சா இல்லையான்னு எங்கிட்ட கேக்காதயும், நான் பொய் சொல்லிருவேன். ஆனா வரப்புல உக்காந்து, எத்தனை பேரு லைக் போட்டாங்கன்னு போனை நோண்டுனீரோ, மடையத் தொறந்து விட்டுருவேன், ஆமா!