சித்தப்பாவுக்கு மட்டும் தெரிந்த கடை

கொச்சியில் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு சித்தப்பா கட்டாயம் இருப்பார். மட்டாஞ்சேரி மிளகு மண்டியில் கணக்கெழுதியோ, ஏதாவது ஒரு வங்கியில் காசாளராக இருந்தோ ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் "சாப்பிட்டாச்சா?" என்று அவர் கேட்பதில்லை. "வழியில எங்கேயும் சாப்பிட்டுத் தொலைக்கலையே?" என்றுதான் கேட்பார். போர்டைப் பார்த்து ஹோட்டலுக்குள் நுழைவது விவரமில்லாதவர்கள் செய்யும் காரியம் என்பது அவர் கட்சி. அவருக்கென்று ஒரு கடை இருக்கிறது. எதிரே வைப்பின் தீவில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே, வெளியாள் ஒருவனும் மிதிக்காத கடை.

கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் மகன் குடும்பத்தோடு வந்து இறங்கியது ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பதினோரு மணிக்கே குழந்தைகளுக்குப் பசி. "ஒரு வாய் இட்லி சாப்பிட்டுட்டுப் போயிரலாமுங்களா?" என்று மருமகள் கேட்டதற்கு, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் மீனின் அருமை தெரியும் என்று பதில் வந்தது. இட்லி மாவு குளிர்பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு ரோ-ரோ படகில் காரோடு ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை. 2018 முதல் 'சேதுசாகர்' என்ற பெயரில் இரண்டு படகுகள் ஓடுகின்றன. கடக்கும் நேரத்தைவிட ஏறுவதற்கு வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். சித்தப்பாவுக்கு அந்த நேரம் போதும். 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் நம் சங்க காலத்து முசிறியின் துறையைத் தூர்த்துவிட்டு இங்கே கொச்சியின் முகத்தைத் திறந்தது, அப்போது ஒதுங்கிய மண்ணில் எழுந்ததுதான் இந்தத் தீவு, அந்த வருஷத்திலிருந்து புதுவைப்பு ஆண்டு என்று தனிக் கணக்கே ஓடியது என்றெல்லாம் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்கள். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்த பிறகு எர்ணாகுளத்துக்காரர்கள் தீவுக்குள் தரைவழியாகவே வந்துவிடுகிறார்கள். "அதோட தீவு போச்சு" என்பார் சித்தப்பா. தீவில் இருப்பவர்கள் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை முன்பு எப்படி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவர் விசனத்தில் சேராது.

தீவு கோல்போல நீளமானது. தெற்கே ஃபோர்ட் வைப்பினிலிருந்து வடக்கே முனம்பம் வரை சுமார் 25 கிலோமீட்டர், நடுவே ஒரே பிரதான சாலை. புதுவைப்பு, எளங்குன்னப்புழை, ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி, செறாய், பள்ளிப்புறம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். இடப்பக்கம் எந்தச் சந்தில் திரும்பினாலும் கடல், வலப்பக்கம் திரும்பினால் காயல். வழிதவற இடமே இல்லாத இந்த ஊரில் வழிதவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். சித்தப்பாவுக்கு அது உண்டு. சாலையில் போகாமல் அடையாளங்களில் போகிறவர் அவர்: "ஒரு சர்ச் வரும், தாண்டினதும் ஒரு சின்னப் பாலம், பக்கத்துல ஒரு சீனவலை." வைப்பினில் இந்த மூன்றும் சேர்ந்த இடங்களை எண்ண ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும்.

வழியெல்லாம் சோறு இருந்தது என்பதுதான் கொடுமை. நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டின் வேலியில் 'வீட்டிலெ ஊணு' என்று போர்டு. உள்ளே திண்ணையில் நான்கு மேசை. குத்தரிசிச் சோறு, மோர்க்கறி, ஒரு பொரியல், பப்படம், மேலே ஊற்றிக்கொள்ள மீன்சாறு, வேண்டுமென்றால் வறுத்த மத்தி. கடற்கரைச் சாப்பாடு என்றால் உண்மையில் இதுதான். மீனவர் வீட்டுப் பெண்கள் தாங்கள் உண்பதையே நாலு பேருக்குச் சேர்த்துச் சமைக்கிறார்கள். இரண்டு மணிக்குச் சட்டி காலியானால் போர்டைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். சித்தப்பாவின் அளவுகோல் வேறு. கூட்டம் இருந்தால் "கெட்டுப்போச்சு" என்பார். ஆள் இல்லாவிட்டால் "நான் அப்பவே நினைச்சேன்" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடை கிடைத்தால், வாசலில் வெளியூர் நம்பர் வண்டி ஒன்று நிற்கும். தன் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களும் வெளியூர்தான் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

ஞாறக்கலில் அரசுக் கூட்டுறவு நிறுவனமான மத்ஸ்யபெட்டின் மீன் பண்ணை இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால் தூண்டில் போடலாம், மிதிபடகு ஓட்டலாம், பண்ணையில் வளரும் பூமீன், திருத, கரிமீன் வகையறாவோடு மதியச் சாப்பாடும் உண்டு. குழந்தைகள் படகின் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்கள். "டிக்கெட் வச்சு மீன் போடற இடத்துல ருசி எப்படி இருக்கும்?" என்று சித்தப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தீவிலேயே பொருத்தமான இடம் அது. தப்பித்துப்போன நல்ல சாப்பாடுகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செறாய் வந்தது. கௌரீஸ்வரர் கோயிலைக் காட்டி, 1912-இல் நாராயண குரு பிரதிஷ்டை செய்த முருகன், இதற்கு மலையாளப் பழனி என்றே பெயர் என்றார். "நிஜப் பழனியே எங்களுக்குப் பக்கந்தானுங்களே" என்றாள் மருமகள், பசி கலந்த குரலில். அவர் அடுத்த கதைக்குப் போனார். இதே செறாயில்தான் 1917 மே 29 அன்று, 27 வயது சகோதரன் ஐயப்பன் புலையர் வீட்டுப் பிள்ளைகளையும் ஈழவர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து மிச்ரபோஜனம் நடத்தினார். அதற்காகச் சொந்தச் சாதியினரே அவரைப் 'புலையன் ஐயப்பன்' என்று வைதார்கள். அவர் அந்தப் பெயரைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டார். கேரளத்தின் சாப்பாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய பந்தி இல்லை. சித்தப்பா குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்ததும் பின்சீட்டில் இருந்த பத்து வயதுப் பேரன் கேட்டான்: "அன்னிக்கு என்ன குழம்பு, தாத்தா?"

பலாக்கொட்டையும் கடலையும் என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். சித்தப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மீன் இல்லாத பந்தி அவர் மனதில் நிற்பதில்லை.

செறாய்க் கடற்கரையில் ஓலைக்கூரைக் கடைகளையும் அவர் நிராகரித்தார். மெனு கார்டு ஒரு குற்றம். அதில் படம் போட்டிருப்பது இரண்டாவது குற்றம். கடைசியில், மணி மூன்றை நெருங்கும்போது, காயலோரம் ஒரு வளைவில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டோம்!"

வேறு எவருக்கும் தெரியாத அந்தக் கடையின் வாசலில் பதினேழு கார்கள் நின்றன. போனை எடுத்துப் பார்த்த அண்ணன் மகன், "ஏனுங்க சித்தப்பா, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு ரேட்டிங் போட்டிருக்காங்க" என்றான். "எல்லாம் இப்ப வந்தவங்க. நான் ஆரம்பத்துலேர்ந்து வர்றேன்" என்று அவர் செருப்பைக் கழற்றினார். கழற்ற வேண்டியதில்லை என்று கடைப்பையன் சொன்னான்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே கள்ளுக்கடை என்றால் வாளையாருக்கு அந்தப் பக்கத்து மனத்தில் ஏதோ மறைவிடம். இங்கே கலால் துறை எண்ணோடு நடக்கும் வியாபாரம் அது. உள்ளே 'ஃபேமிலி ரூம்' தனியாக உண்டு. குடிக்காதவர்களும் பாட்டியோடு வந்து கப்பையும் மீன்கறியும் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் கள்ளுக்குத் துணையாகக் கொடுத்த 'டச்சிங்ஸ்'தான் வளர்ந்து பெரிய சமையலறை ஆகிவிட்டது. கள்ளைவிடக் கறியால்தான் பல ஷாப்புகள் பிழைக்கின்றன. குடம்புளி போட்டுச் செக்கச்செவேலென்று கொதித்த மீன்கறி, தேங்காய்க்கொத்தோடு வறட்டிய கக்கா இறைச்சி, நண்டு ரோஸ்ட், வாழையிலையில் சுருட்டித் தட்டையான கல்லில் சுட்டெடுத்த கரிமீன் பொள்ளிச்சது. கரிமீனுக்கு நேரே விலை இருக்காது, 'அளவைப் பொறுத்து' என்று இருக்கும். அளவைப் பொறுத்துக்கொள்ளலாம், பில்லைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம். 2010-இல் மாநில மீன் என்று அறிவித்த பிறகு அதன் மரியாதை இன்னும் ஒரு படி கூடிவிட்டது.

இலையைப் பிரித்ததும் மேசையில் பேச்சு நின்றது. மசாலாவில் சின்ன வெங்காயம் கரைந்து மீனோடு ஒட்டியிருந்தது. இலையின் ஓரம் கருகிய வாசனை. விரல் பட்டதும் சதை முள்ளை விட்டு வந்தது. இட்லி மாவை மருமகள் மன்னித்துவிட்டாள். சித்தப்பா மட்டும் சாப்பிடவில்லை. மற்றவர்கள் சாப்பிடும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி? எப்படி?" என்று ஒவ்வொரு கவளத்துக்கும் சான்றிதழ் கேட்டார். "எல்லாம் இந்தத் தண்ணியோட ருசி. இந்த மண்ணோட ருசி."

கை கழுவப் பின்பக்கம் போன அண்ணன் மகன் திரும்பிவர நேரமாயிற்று. கொல்லையில் அடுக்கியிருந்த தெர்மோகோல் பெட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தான். நீல மையில், கொட்டை எழுத்தில், தமிழில்: தூத்துக்குடி.

விஷயம் சாதாரணமானது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்கு இழுவலைத் தடை. வள்ளங்கள் போகலாம், ஆனால் மழைக்கடலில் அவை கொண்டுவரும் மத்தியும் அயிலையும் இத்தனை மேசைகளுக்குக் காணாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் தடை ஜூன் 14-ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. அங்கே பிடித்தது ஐஸ் பெட்டியில் மேற்கே வருகிறது. கள்ளும் அப்படித்தான்: கேரளத்து ஷாப்புகளுக்குப் பெரும்பங்கு பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து வண்டியில் வருகிறது. பொள்ளாச்சியை ஒட்டிய, தமிழ் பேசும் பகுதி அது. கோயம்புத்தூர்க் குடும்பமும் அவர்கள் மதியச் சாப்பாடும் ஏறக்குறைய ஒரே நாளில்தான் கொச்சிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. "மண்ணோட ருசிதான் சித்தப்பா," என்றான் அவன், "எந்த மண்ணுன்னுதான் தெரியலை."

சித்தப்பா அசரவில்லை. "கரிமீன் காயல் மீன்தானே? அதுக்கு ஏது தடை?" என்றார். உண்மைதான். இந்த மாதிரி ஆட்களை முழுவதுமாகத் தோற்கடிக்க முடியாததற்குக் காரணம், அவர்கள் சொல்வதில் கால்பங்கு சரியாகவே இருப்பது.

அந்தக் கால்பங்கில் அருமையான சங்கதி ஒன்றும் உண்டு. திரும்பும் வழியில் பொக்காளி வயல்களைக் காட்டினார். உப்புநீரைத் தாங்கி ஆள் உயரம் வளரும் நெல். கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விடுவார்கள். நவம்பர் பாதிக்குமேல் அதே வயலில் செம்மீன் கெட்டு. கடலேற்றத்தில் தூம்பைத் திறந்து, மேலே விளக்கைக் கட்டித் தொங்கவிட்டால் வெளிச்சத்துக்கு மயங்கி இறால் குஞ்சுகள் தானே உள்ளே வரும். அழுகும் தாள்தான் அவற்றுக்குத் தீனி. ஏப்ரல் 14-ஆம் தேதியோடு குத்தகை முடிகிறது. பிறகு 'கெட்டு கலக்கல்': மிச்சமிருக்கும் மீன் ஊருக்குச் சொந்தம். கிழவன், பிள்ளை, பெண்கள் எல்லோரும் இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கையாலும் கூடையாலும் பிடிப்பார்கள். அன்று மாலை கரையோரம் எந்த வீட்டில் போய் நின்றாலும் சட்டியில் ஏதாவது இருக்கும். எந்தக் கடையாலும் போட முடியாத சாப்பாடு அது. இதைச் சொல்லும்போது மட்டும் சித்தப்பா 'எனக்குத் தெரிஞ்ச' என்று ஆரம்பிக்கவில்லை.

விருந்தினர் இல்லாத நாட்களில் அவர் சித்தியைக் கூட்டிக்கொண்டு போவார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் முனம்பம் துறைமுகத்துக்குப் போனார்கள். தடை நீங்கித் திரும்பிய படகுகளில் கிளிமீனும் கணவாயும் குவிந்து கிடந்தன. அவர் தன் முழு மலையாளத்தையும் இறக்கி, சேட்டா என்றும் மோனே என்றும் கெஞ்சிக் கால் மணி நேரம் பேரம் பேசினார். வலையை உதறிக்கொண்டிருந்த இளைஞன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, தமிழ்லயே கேளுங்க. நாங்க தூத்தூருதான்" என்றான். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோடிகள் அந்தத் துறையில் ஏராளம். தமிழில் கேட்டபோது விலை பத்து ரூபாய்கூடக் குறையவில்லை. அவர் பேசாமல் கொடுத்தார்.

பையில் மூன்று கிலோ கிளிமீனோடு கார் தெற்கே வந்தது. எடவனக்காடு தாண்டியதும் இடப்பக்கச் சந்தில் திருப்பினார்.

"எங்கே?" என்றாள் சித்தி.

"இதை வறுத்துக் கொடுக்க ஒரு சேச்சி இருக்காங்க. ஒரு சர்ச் வரும், தாண்டினா சின்னப் பாலம்…"

"நம்ம வீட்டுல அடுப்பு இருக்கு."

அவர் அதற்குள் கண்ணாடியை இறக்கி, சைக்கிளில் போன பையனிடம் வழி கேட்க ஆரம்பித்திருந்தார்.