ஓர் அங்குலம் என்ன விலை?

பத்தாம் வகுப்புப் பிள்ளை குட்டையாக இருந்தால், நம்மூரில் அது குடும்பக் குற்றம். கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போதும். "என்னடா, போன வருஷம் பார்த்த மாதிரியே இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பாயசம் குடிக்கப் போய்விடுவார். மறுநாள் காலை அந்தக் குடும்பம் மருந்துக்கடையில் நிற்கும்.

"அண்ணே, பையன் வளரவே மாட்டேங்கிறான். கால்சியம் மாத்திரை ஏதாச்சும் குடுங்க."

டாக்டர் சீட்டு இல்லை, பரிசோதனை இல்லை. கடைக்காரர் அப்பாவைப் பார்க்கிறார், அம்மாவைப் பார்க்கிறார். இருவரும் ஐந்தடியைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவர்கள். உண்மை ஜோடியாகவே எதிரில் நிற்கிறது. ஆனால் உண்மையை விற்றால் கமிஷன் கிடைக்காதே! "இது நல்லா போகுதுங்க" என்று ஓர் அட்டையை எடுத்துப் போடுகிறார்.

அந்த மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதுதான். 1,250 மில்லிகிராம் விழுங்கினால் 500 மில்லிகிராம் கால்சியம் தேறும். சுண்ணாம்பு தின்றால் உயரம் வருமென்றால், வெற்றிலை போட்ட நம் பாட்டிமாரெல்லாம் கூடைப்பந்து ஆடியிருக்க வேண்டும்.

எலும்பை நீட்டுவது அதன் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு. பெற்றோர் தந்த மரபணுவும், ஹார்மோன்களும், சிறுவயது முதல் சாப்பிட்ட சாப்பாடும் அதை ஓட்டுகின்றன. கால்சியம் எலும்பைக் கெட்டியாக்கும். வயிறார நல்ல உணவு கிடைக்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் கொட்டினால் மலச்சிக்கல்தான் மிச்சம். 2006-இல், ஆரோக்கியமான பிள்ளைகளிடம் நடந்த 19 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். 2,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி கூடவில்லை. கையெலும்பில் மட்டும் துளி லாபம். உயரத்துக்கும் பலனில்லை என்று மறு வருடமே இன்னொரு அலசல் வந்தது.

காம்பியாவில் நடந்தது இன்னும் ருசி. உணவில் கால்சியம் மிகக் குறைவாக இருந்த 8 முதல் 12 வயதுச் சிறுவர்களுக்கு ஒரு வருடம் கால்சியம் கொடுத்தார்கள். பிள்ளைகள் முந்திக்கொண்டு வளர்ந்தார்கள், முந்திக்கொண்டே நின்றும்விட்டார்கள். பெரியவர்களானபோது, மாத்திரை தின்னாதவர்களைவிட ஏறக்குறைய 3.5 சென்டிமீட்டர் குட்டை! ஒரு சிறிய ஆய்வை வைத்துக்கொண்டு, மாத்திரை ஆளைக் குட்டையாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாணயம் விளம்பரம் எடுப்பவர்களுக்கு இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

மாத்திரைக்கு முன்பே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது டப்பா. ஹார்லிக்ஸ் குடித்தால் பிள்ளை உயரமாக, வலுவாக, புத்திசாலியாக வளரும் என்றது ஒரு விளம்பரம். 2008-இல் அது பிரிட்டனில் நேபாளி சேனல் ஒன்றில் ஓடியது. ஆதாரம் போதாது என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை போட்டது. காம்ப்ளான் விளம்பரத்துக்கும் அதே கதி. ஹார்லிக்ஸ் கம்பெனி சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள்: அது வங்கதேசத்துக்காக எடுத்த விளம்பரமாம்! லண்டன் பிள்ளையின் எலும்புக்கு ஆதாரம் வேண்டும். டாக்கா பிள்ளையின் எலும்புக்குப் பாட்டு போதும். சென்னைப் பிள்ளையை எந்தக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

கால்சியம் தேவையே இல்லை என்று யார் சொன்னது? 13 முதல் 15 வயது வரை தினம் 1,000 மில்லிகிராம், 16 முதல் 18 வரை 1,050 என்கிறது ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. பால், கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் இருக்கின்றன. இவை எதுவும் தட்டில் விழாத பிள்ளைக்கும், குறை இருப்பதாக டாக்டர் கண்டுபிடித்த பிள்ளைக்கும் மாத்திரை நியாயம். ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மா மருந்துக்கடைக்கு வருவதில்லை. அவர் கையில் காசில்லை.

அரசாங்கமாவது பார்க்கிறதா? தமிழ்நாட்டுச் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. எலும்பு அதிகமாகக் கேட்கிற பதினாறு வயதில் அரசு கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறது. முட்டை போதும், இனி நீட்டுக்குப் படி என்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அப்படிச் சோகையுள்ள ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே மடக்கில் கொடுக்கிறது இன்னொரு வீடு. ஒன்றாக விழுங்கினால், இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைப்பதே கால்சியம்தான். காசு கொடுத்துச் சோகையை வளர்க்கிறார்கள்.

எலும்பு கெட்டிப்பட வெயிலும் ஓட்டமும் வேண்டும். பள்ளி மைதானத்தில் பஸ் நிற்கிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். அந்தக் கடன் எந்தப் பள்ளியிலும் திரும்பி வந்ததில்லை. காலை ஐந்துக்கு டியூஷன், இரவு பத்துக்கு டெஸ்ட். வெயிலையும் விளையாட்டையும் தூக்கத்தையும் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு வெனிலா வாசனையில் ஒரு மாத்திரை. பெயர் வளர்ச்சி!

உயரம் கூடும் என்று டப்பாவில் அச்சடிக்கிறவர் ஆதாரத்தைக் காட்டட்டும், இல்லையேல் அச்சை அழிக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை சோறும் முட்டையும் போடுங்கள். மைதானத்திலிருந்து பஸ்ஸை எடுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளை அப்பன் உயரத்திலேயே நின்றால், அது அவன் பரம்பரைச் சொத்து. அதற்கு மாதாமாதம் மருந்துக்கடையில் வரி கட்டாதீர்கள்.