திண்டு விமானி

எந்தக் கிளைடர் சங்கத்திலும் ஒரு திண்டு விமானி இருப்பார். 1920-இல் கிளைடர் போட்டி தொடங்கிய ஜெர்மனியின் வாசர்குப்பே மலைப்பக்கம் இந்த இனம் செழிப்பாகவே இருக்கிறது. கையில் வரைபடம் இருக்கிறதோ இல்லையோ, கக்கத்தில் இரண்டு திண்டு இருக்கும்.

இவர் இப்படி ஆனதற்கு விமானமும் ஒரு காரணம். எஞ்சின் இல்லாத கிளைடர், காற்றின் எதிர்ப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூரம் போகும். ஆகவே வடிவமைப்பாளர் உடற்கூட்டை ஒல்லியாக்கிக்கொண்டே போய், கத்தியை உறையில் செருகுவது போல விமானியை அதற்குள் சாய்த்துப் படுக்க வைக்கிறார். ஷெம்ப்-ஹிர்த் கம்பெனி 1984-இல் டிஸ்கஸ் கிளைடரைக் கொண்டுவந்தபோது, குறுகிய காக்பிட் ஒன்று, அகலமானது ஒன்று என இரண்டு வகை செய்தது. உங்களுக்கு எது என்று திண்டு விமானியைக் கேட்டால், தயங்காமல் குறுகியதைக் காட்டுவார். இடுப்புப் பட்டைக்கு வேறு அபிப்பிராயம் இருக்கும்.

அவர் ஏறி உட்காருவது ஒரு தனிச் சடங்கு. பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸும் சாவிக்கொத்தும் வெளியே வரும். தடித்த பூட்ஸ் கழன்று மெல்லிய காலணி ஏறும். பாராசூட்டை மாட்டிக்கொண்டு உட்கார்வார், முதுகுச் சாய்மானம் ஒரு பல் முன்னே இருப்பதாகத் தோன்றும், எழுவார். பெடல்களை இழுப்பார், தள்ளுவார். பட்டைகளை இறுக்கியபின் கட்டுப்பாட்டுக் குச்சியைக் கடைசிவரை முன்னால் தள்ள முடிகிறதா, கிளைடரை இழுத்து மேலேற்றும் கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் குமிழ் கைக்கு எட்டுகிறதா, இரண்டு பெடலையும் முழுதாக மிதிக்க முடிகிறதா என்பவைதான் பார்க்க வேண்டியவை. அவர் பார்ப்பது இடது இடுப்பெலும்பை. அதற்குள், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுபவர் இரண்டாவது காப்பிக்குப் போயிருப்பார்.

பயிற்றுநருக்கும் இவருக்கும் தீராத வழக்கு மெத்தென்ற ஸ்பாஞ்சைப் பற்றியது. வின்ச் இழுக்கும்போது கிளைடர் சில நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும். முதுகுக்குப் பின்னால் மெத்தென்ற திண்டு இருந்தால் அது நசுங்க, விமானி பின்னால் போய்விடுவார். குச்சி முன்னாலேயே நின்றுவிடும். பலமாகத் தரை தட்டினாலோ, அடியில் உள்ள ஸ்பாஞ்சு முதலில் அமுங்கி, பிறகு இருக்கை வேகமாக வந்து முதுகெலும்பைத் தாக்கும். இதற்கு வெறும் இருக்கையே மேல். மெதுவாக அமுங்கி அதிர்ச்சியை உறிஞ்சும் நுரைத்திண்டு தனியாக விற்கிறது. திண்டு விமானி இதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார். மறுவாரமே அந்தத் திண்டை வாங்கிவந்து பழைய ஸ்பாஞ்சின் மேல் போடுவார்.

எடை விஷயத்தில் அவர் இன்னும் உறுதியானவர். காக்பிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில், பாராசூட்டையும் சேர்த்து இருக்கையில் அனுமதிக்கப்படும் குறைந்த எடையும் கூடிய எடையும் எழுதியிருக்கும். பல கிளைடர்களில் அது 70 முதல் 110 கிலோ. எடை குறைந்தவர் ஈயக்கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து கிளைடர் அடங்காது. எடை கூடிவிட்டால் திண்டு விமானி குறை சொல்வது பாராசூட்டை. தீபாவளி இல்லாத ஊரிலும் கிறிஸ்துமஸ் பலகாரம் உண்டு என்பது கணக்கில் வராது.

நெட்டையர்கள் இவருக்கு நேர் எதிர். திண்டை உருவி எறிவார்கள். அப்படியும் கண்ணாடி மூடி தலையில் இடிக்கும். அவர்கள் தொப்பியின் உச்சிப் பொத்தானை வெட்டிவிடுவது நல்ல யோசனை: காற்று குலுக்கும்போது அந்தப் பொத்தான் மண்டையில் குத்தும்.

குளிர்காலத்தில் பறப்பு இல்லை. திண்டு விமானி கொட்டகையில் நிற்கும் கிளைடருக்குள் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடப்பார். சங்கத்தார் சிரிப்பார்கள். ஆனால் அவர் செய்வதில் உருப்படியானது இதுதான். மூன்று நிமிடம் உட்கார்ந்தால் எந்தக் காக்பிட்டும் சுகம்தான். இடுப்பெலும்பு வாய் திறக்க நேரமாகும்.

கிளைடர் விமானிகளுக்கான வெள்ளிச் சின்னம் பெற 5 மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். அதை முடித்து இறங்கும் மற்றவர்கள் மேகத்தையும் வெப்பக்காற்றையும் பற்றிப் பேசுவார்கள். திண்டு விமானி முதல் மணியில் வலது குதிகால், மூன்றாம் மணியில் வால் எலும்பு என்று வரிசையாகச் சொல்வார். எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்று கேட்பவருக்குப் பதில் கிடைக்காது; அவர் அதற்குள் சாய்மானத்தை இன்னொரு பல் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பார்.