சிவப்புச் சட்டை விசாரணைக் கமிஷன்

என்ன மக்களே, இன்னும் முடியலியா ஒங்க விசாரணைக் கமிஷன்? சட்டையைப் பாத்தா செவப்பு. மூஞ்சியைப் பாத்தா எழவு வீடு. மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு ஏன் கோல் வர மாட்டேங்குன்னு எட்டுப் பேரு சேந்து பேசுதீங்க. பேசுங்க, பேசுங்க. பேசுததுக்கு டிக்கெட்டா எடுக்கணும்?

பாட்டா கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஒருத்தன் லோ பிளாக்குங்கான். ஒருத்தன் ஹாஃப் ஸ்பேஸுங்கான். மூணாவது பய ஃபோனை மூக்குக்கு நேர நீட்டி, ஹீட் மேப்புன்னு பச்சையும் செவப்புமா என்னமோ காட்டுதான். இதுல பந்து எங்கலேன்னு கேட்டேன். பந்தைக் காட்டாதாம். ஆளு நின்ன எடத்தைத்தான் காட்டுமாம். நல்லதாப் போச்சு. ஆளு நின்னதுதானலே பிரச்சனை?

2024-25 சீசனை எடுத்துக்கோ. லீக்ல 38 ஆட்டம், 44 கோல், 15-வது எடம். 1992-ல பிரீமியர் லீக் தொடங்குனதுலருந்து யுனைட்டெட் அவ்வளவு கீழ எறங்குனதே கிடையாது. டாட்டன்ஹாம்காரன் 64 கோல் போட்டுட்டு 17-வது எடத்துல கெடந்தான்னு குறுக்க வராத. அவன் கதை வேற. 64 போட்டான், 65 வாங்குனான். அவனுக்குக் கதவு பூட்ட மறந்துபோச்சு. நம்மாளுக்குக் கதவு எங்க இருக்குன்னே தெரியல.

உடனே ஒருத்தன் எக்ஸ்-ஜியைத் தூக்கிட்டு வருவான். எந்த எடத்துலருந்து அடிச்சா எத்தனை தடவை உள்ள போகும்னு பழைய ஆட்டத்தை எல்லாம் வச்சுப் போட்ட கணக்காக்கும் அது. பெனால்டின்னா நாலு அடிச்சா மூணாவது போகும். தூரம் கூடக் கூட எண்ணிக்கை கொறையும். சரிதான். தூத்தூர் மணல்ல நாங்க பந்து ஒதைச்ச காலத்துல கால் பெருவிரலால ஒரு கோடு கிழிப்போம். கோட்டுக்கு வெளியருந்து அடிச்சுத் தப்பிச்சுன்னா, அடிச்சவனே போயி பந்தை எடுத்துட்டு வரணும். கடல்ல விழுந்தாலும் அவன்தான் நீஞ்சணும். ரெண்டு நாள் நீஞ்சுனவன் மூணாம் நாள் கோட்டுக்கு உள்ள வந்துதான் அடிப்பான். அதுவும் எக்ஸ்-ஜிதாம்லே. லேப்டாப்பு மட்டும்தான் கிடையாது.

கணக்கு மேல எனக்குக் கோவம் இல்ல. ஆட்டத்துல தோத்துட்டு வந்து, எக்ஸ்-ஜிப்படி நாமதான் ஜெயிச்சோம்னு நெஞ்சை நிமுத்துதியே, அதுதான் தாங்கல. கடல்ல கெடக்க மீனுக்குக் கரையில விலை பேசுத பழக்கம் நம்ம ஊர்ல எப்பலே வந்துச்சு?

அடுத்தது ஹொய்லுண்ட். பாவம், அந்த டென்மார்க்குப் பய. 20 வயசுல, 6 கோடி பவுண்டுக்கு மேல கொடுத்து, இத்தாலியிலருந்து கூட்டிட்டு வந்தாங்க. 2024 டிசம்பர்ல ஒரு ஐரோப்பா லீக் ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டான். அடுத்த கோல் மார்ச் 16-ல, லெஸ்டரோட. நடுவுல 21 ஆட்டம், ஒண்ணு கிடையாது. லீக்ல வருசம் முழுக்க நாலு. அவ்வளவுதான், நீங்க எல்லாரும் டாக்டராயிட்டீங்க. இடது கால் மட்டும்தான் இருக்குன்னான் ஒருத்தன். தன்னம்பிக்கை போச்சுன்னான் இன்னொருத்தன். அவன் காலைத்தான் எல்லாரும் பாத்தீங்க. அந்தக் காலுக்குப் பந்து வந்துச்சான்னு எவனாவது பாத்தீங்களா? பய ஓடுதான். கையை நீட்டுதான். பந்து பக்கத்துல உள்ளவனுக்குப் போகுது. அங்கருந்து பின்னால போகுது. கடைசியில கோலிகிட்டயே போயி நிக்குது. அந்த வருசம் பந்தோட ரொம்பப் பழகுனது கோலிதான்.

கேப்டன் ப்ரூனோவைப் புடிக்காதவனுக்கு ப்ரூனோதான் காரணம். சிஸ்டத்தைப் புடிக்காதவனுக்கு சிஸ்டம்தான் காரணம். மொதலாளி கிளேசர் குடும்பத்தைப் புடிக்காதவனுக்கு, ஆஃப்சைடு கொடுத்தாலும் கிளேசர்தான் காரணம். ஆட்டம் தொடங்கும் முன்னயே தீர்ப்பு எழுதி மடியில வச்சிருக்கீங்க. பெறவு எதுக்குலே கண்ணு முழிச்சுப் பாக்கணும்? அந்த ப்ரூனோதான் லீக்ல எட்டு கோல் போட்டான். அமாட் டியாலோ எட்டு. கோல் போடுதது ரெண்டு பேருக்கும் மொத வேலை இல்ல, கூடுதலாச் செஞ்சது.

சரி, ஆபீசுக்காரங்க என்ன பண்ணுனாங்க? கோச்சு டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில ஒப்பந்தத்தை நீட்டுனாங்க. அக்டோபர் 28-ல மூட்டையைக் கட்டச் சொன்னாங்க. கைநெறைய நஷ்ட ஈடு. வேலைக்காரங்களுக்குப் போட்ட இலவச மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திப் பழத்தைக் கொடுத்த கிளப்பு அது, கேட்டியா. அனுப்பி வைக்கதுக்குத் துட்டு இருந்துச்சு, சோத்துக்கு இல்ல.

நவம்பர்ல ரூபன் அமோரிம் வந்தாரு. லேசுப்பட்ட ஆளு இல்ல. லிஸ்பன்ல ஸ்போர்ட்டிங் கிளப்பை ரெண்டு தடவை சாம்பியன் ஆக்குனவரு. மூணு பேக்கு, ரெண்டு பக்கமும் ஏறி எறங்க விங்-பேக்கு. அதாக்கும் அவரு ஆட்டம். ஆனா அங்க முன்னால நின்னது யோக்கரெஸ்னு ஒரு சுவீடன்காரன். 2023-24-ல லீக்ல மட்டும் 29 கோல். அப்படி ஒருத்தன் நின்னா நீயும் நானும்கூட கோச்சுதான். இங்க வந்து பாத்தா யோக்கரெஸும் இல்ல, ஒழுங்கான விங்-பேக்கும் இல்ல. வலது கால்காரன் டாலோவைப் புடிச்சு இடது ஓரத்துல விட்டாரு. பய ஓரத்தோட ஓடுவான். நிப்பான். திரும்புவான். வலது காலுக்கு மாத்துவான். அதுக்குள்ள எதிராளி பதினோரு பேரும் வந்து சேந்து, வருகைப் பதிவேட்டுல கையெழுத்தும் போட்டிருப்பான். இதுக்குப் பேருதான் லோ பிளாக்கா? வர நேரம் கொடுத்தா எவன்தான் வர மாட்டான்?

சிஸ்டம் தப்பா, பிளேயர் தப்பான்னு ஒரு வருசமா அடிச்சுக்கிடுதீங்க. சீசன் பாதியில ஆளையும் ஆட்டத்தையும் மாத்துனா ரெண்டுந்தான் தப்பு. இதுக்குப் பட்டிமன்றம் வேண்டாம்.

ஆனா, மக்களே, பாட்டா ஒண்ணு கேக்கேன். வித்தவங்களை எண்ணிப் பாத்தியா? ஸ்காட் மெக்டோமினே அங்கயே வளந்த பய. சொந்தப் பிள்ளையை வித்தா அத்தனையும் லாபம்னு கணக்குப் புத்தகத்துல எழுதலாமாம். அதனால நாப்போலிக்கு அனுப்பிட்டாங்க. நடுவுலருந்து பாஞ்சு வந்து பெட்டிக்குள்ள நிக்கது ஒண்ணுதான் அவனுக்குத் தெரிஞ்ச வித்தை. அந்த வித்தையை வச்சு இத்தாலி லீக்ல 12 கோல். நாப்போலி சாம்பியன். அந்த வருசத்துச் சிறந்த ஆட்டக்காரனும் அவன்தான். எலாங்கான்னு ஒரு பய, அதுக்கு முந்தின வருசமே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வித்தாச்சு. 2025 ஏப்ரல் 1-ல, முட்டாள்கள் தினமாப் பாத்து, அதே பய தன் பாதியிலருந்து பந்தைத் தள்ளிக்கிட்டு ஓடியாந்து யுனைட்டெட்டுக்கே போட்டான். அஞ்சாவது நிமிசம். அத்தோட ஆட்டம் முடிஞ்சுது. மிச்ச நேரமெல்லாம் ஒங்க எக்ஸ்-ஜிக்குத்தான் சோறு. அந்தோனின்னு இன்னொரு பயலை பெட்டிஸ் கிளப்புக்கு அனுப்புனாங்க, அங்க போயி அவனும் ஆடுனான். கடைசியில ஹொய்லுண்டையும் நாப்போலிக்கே தள்ளியாச்சு. முதல் ஆட்டத்துலயே கோல். கோல் போடத் தெரிஞ்சவன் எல்லாம் அங்கருந்து பஸ் ஏறுனவன்தான். பஸ் ஸ்டாண்டுல நின்னு கோலைத் தேடுதது நீங்க.

இது புதுசும் இல்லடே. நீ பொறக்க முன்னயே நடந்ததாக்கும். 1973-74-ல இதே யுனைட்டெட் 42 ஆட்டத்துல 38 கோல். கிறிஸ்மஸ் வரைக்கும் அணியில அதிகக் கோல் போட்டவங்கள்ல ஒருத்தன் யாரு தெரியுமா? அலெக்ஸ் ஸ்டெப்னி. கோல்கீப்பர்! ரெண்டு பெனால்டி. ஹீட் மேப் அன்னைக்கு இருந்திருந்தா ரெண்டு பக்கத்துப் பெட்டியும் செவந்துதான் இருக்கும். ரெண்டும் ஒரே ஆளு.

அதுக்கு முந்தின கோடையில பாபி சார்ல்டன் ஓய்வு வாங்கிட்டாரு. டெனிஸ் லாவை, 237 கோல் போட்ட மனுசனை, போய்ட்டு வான்னு சும்மா அனுப்புனாங்க. அவரு எங்க போவாரு? அடுத்த தெருவுல உள்ள மான்செஸ்டர் சிட்டிக்குப் போனாரு. 1974 ஏப்ரல் 27-ல ஓல்ட் டிராஃபோர்டுக்கே வந்து, திரும்பிக்கூடப் பாக்காம, குதிகாலால ஒரு தட்டு. ஒண்ணு - சைபர். யுனைட்டெட் ரெண்டாம் டிவிஷனுக்குப் போச்சு. அந்தக் கோல் இல்லாட்டியும் மத்த ஆட்ட முடிவால அது போயிருக்கும்னு வெவரம் தெரிஞ்சவன் சொல்லுவான். அவனைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு. தட்டிட்டு லா சிரிக்கல, குதிக்கல, தலையைத் தொங்கப் போட்டுட்டு நடந்தாரு. அனுப்புன ஆபீசர்மாரு அன்னைக்கு எங்க பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு எவனும் எழுதல.

இப்ப மகுவயர் கதைக்கு வா. எனக்குப் புடிச்ச கதை. பின்னால நிக்க ஆளு. நீங்க எல்லாம் மீம் போட்டுப் போட்டு நொந்துபோன ஆளு. 2025 ஏப்ரல் 17, ஐரோப்பா லீக்ல லியோன்காரனோட ஆட்டம். கூடுதல் நேரத்துல ரெண்டு கோல் பின்தங்கிட்டாங்க. 114-வது நிமிசம் ப்ரூனோ பெனால்டி. அமோரிமுக்கும் புத்தி வந்து, மகுவயரை முன்னால போயி நில்லுன்னு சொல்லிட்டாரு. ஏன்? கோச்சு காய் நகத்துத பலகையில இருந்துச்சா? ஒண்ணும் இல்ல. ஆளு ஒசரம். மண்டை பெருசு. 120-ல மெய்னு ஒண்ணு. 121-ல பந்தைத் தூக்கிப் போட்டாங்க, அந்த மண்டை அங்கன இருந்துச்சு. அஞ்சு - நாலு. ஊரே முழிச்சுக்கிட்டுச்சு. மறுநாள் நீ வந்து அதுக்கும் ஏதோ ஓவர்லோடுன்னு வெளக்கம் சொன்ன பாரு, அப்பதான் எனக்குச் சிரிப்பு அடங்கல.

மே 21, அதே ஐரோப்பா லீக்கோட ஃபைனல், பில்பாவோல. நமக்கு ராத்திரி பன்னிரண்டரை மணி. அன்னைக்கு நெலமைக்கு லீக்ல 16-வதும் 17-வதும் கோப்பைக்கு மோதுனாங்க. டாட்டன்ஹாம் ஒண்ணு போட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டான். வருசம் முழுக்க பூட்டாத கதவை அன்னைக்குன்னு பூட்டுனான். ஹொய்லுண்ட் தலையால தட்டுனது உள்ள போகப் போற நேரம், அவங்க ஆளு ஃபான் டெ ஃபென் அந்தரத்துல காலை வீசி எடுத்தான். பந்து கிடைச்சா அந்தப் பயலுக்கும் அடிக்கத் தெரியும்னு அப்பவாவது பாத்தியா? நீ அப்பவும் ஃபோனைத்தான பாத்த.

பெறவு கோடையில, 20 கோடி பவுண்டுக்குப் பக்கம் கொட்டி மூணு பேரை வாங்குனாங்க. குன்யா, எம்பியூமோ, செஷ்கோ. நல்ல பயலுவதான். இனி கோல்மழைன்னு நீ புதுச் சட்டை வாங்குன. ஆகஸ்டு 27, லீக் கப்பு, கிரிம்ஸ்பி டவுன். அன்னைக்கு நாலாவது படியில நின்ன கிளப்பு. நம்மளை மாதிரி மீன்புடி ஊரு. காத்தடிச்ச ரப்பர் மீனைத் தூக்கிக்கிட்டு கேலரிக்கு வாரவங்க. எனக்கு அவங்க மேல ஒரு பாசம் உண்டு, மறைக்க மாட்டேன். பாதி நேரத்துல ரெண்டு - சைபர் கிரிம்ஸ்பி. அமோரிம் ஒரு சின்னப் பலகையில காய் நகத்திக்கிட்டு இருந்தாரு. எம்பியூமோ ஒண்ணு போட்டான். 89-ல சமன் பண்ணுனது யாரு? அதே மண்டை. பெனால்டி ஷூட் அவுட்ல குன்யா விட்டான். கடைசியில எம்பியூமோ மேல் கம்பத்துல அடிச்சான். செஷ்கோவோ, ஸ்ட்ரைக்கர்னு காசு கொடுத்து வாங்குன ஆளு, பத்தாவது ஆளா வந்தான். 12 - 11. யுனைட்டெட் வெளிய.

அதுக்கும் காரணம் வச்சிருக்கியாமே. என்னது, மழையா? ஏம்லே, கிரிம்ஸ்பிக்காரனுக்கு மட்டும் எவன் குடை புடிச்சான்?