கேள்வி அல்ல, ஒரு சிறு குறிப்பு

ஐரோப்பாவில் எங்கே சட்டத் தத்துவ மாநாடு நடந்தாலும், பெயர் அட்டை வாங்கும் வரிசையில் பேராசிரியரைப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டியவர். கோட்டின் முழங்கையில் தோல் ஒட்டு. தோளில் தொங்கும் துணிப்பையில் அச்சாகியிருப்பது இந்த மாநாட்டின் பெயரல்ல, 2019 லூசெர்ன் மாநாட்டின் பெயர். இங்கே இலவசமாகத் தரும் பையை மடித்து அதற்குள் வைத்துக்கொள்வார். அது அடுத்த மாநாட்டுக்கு. ஊரும் பேரும் மாறலாம், ஆள் ஒருவர்தான்.

சட்டத் தத்துவத்துக்கும் சமூகத் தத்துவத்துக்குமான உலகச் சங்கம் 1909-ல் பெர்லினில் தொடங்கியது. ஐ.வி.ஆர். என்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உலக மாநாடு கூட்டுவது அதன் வழக்கம். 2017 லிஸ்பன், 2019 லூசெர்ன், கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2022 புக்கரெஸ்ட், பிறகு 2024 சியோல். பேராசிரியரிடம் வேறு காலண்டர் கிடையாது. “மகளுக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று?” என்று கேட்டால், “லிஸ்பனுக்கும் லூசெர்னுக்கும் நடுவில்” என்பார்.

பெரிய மண்டபத்துப் பேருரைகளுக்கு அவர் தலையைக் காட்டுவதோடு சரி. அவருடைய களம் சிறப்புப் பயிலரங்கு. மூன்றாம் மாடியில், அம்புக்குறி காட்டும் திசைக்கு நேர் எதிரே அந்த அறை இருக்கும். உள்ளே ஒன்பது பேர். அதில் ஏழு பேர் கட்டுரை வாசிக்க வந்தவர்கள், ஒருவர் அமர்வுத் தலைவர், மிச்சமுள்ளவர் போனுக்கு சார்ஜ் போட இடம் தேடி வந்தவர்.

ஜனவரியில் அவர் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தில், சட்டத் தத்துவத்தில் எதிரெதிரே நிற்கும் ராபர்ட் அலெக்ஸியையும் ரொனால்ட் டுவோர்கினையும் சமரசம் செய்துவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜூலையில் விமானம் ஏறி மடிக்கணினியைத் திறந்தபோதுதான் இருவரும் மசிவதாக இல்லை என்பது தெரிந்தது. ஆகவே மேடையேறியதும், “இது இன்னும் வளர்ந்துவரும் கட்டுரை” என்று தொடங்கினார். அந்தக் கட்டுரை புக்கரெஸ்டிலும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டுவோர்கினும் தாமஸ் நேகலும் சேர்ந்து நடத்திய கருத்தரங்கைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சுளிப்பார். அங்கே கட்டுரையை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். வந்த அன்று வாசிக்கிற வேலையே இல்லை. உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். “அது விவாதமல்ல, விசாரணை” என்பார். முன்கூட்டியே அனுப்புவதற்குக் கட்டுரை இருக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் ஆட்சேபம்.

இந்தத் துறைக்காரர்களுக்கு 1958 ஒரு பொன் ஆண்டு. ஸ்டீபன் டூல்மின் எழுதிய நூலும், பெரல்மனும் ஓல்பிரெக்ட்ஸ்-டிடெகாவும் சேர்ந்து எழுதிய நூலும், வாதம் என்பது வெறும் கணிதத் தர்க்கமல்ல என்று வாதாடிக்கொண்டு அந்த ஆண்டில்தான் வந்தன. ஹார்வர்டு சட்ட இதழில் ஹெச்.எல்.ஏ. ஹார்ட்டும் லான் ஃபுல்லரும் மோதியதும் அதே ஆண்டு. ‘பூங்காவுக்குள் வாகனம் கூடாது’ என்று ஒரு விதி, கார் கூடாது, சரி, சைக்கிள்? ரோலர் ஸ்கேட்? பொம்மைக் கார்? இது ஹார்ட் எழுப்பிய சந்தேகம். போரில் ஓடிய லாரி ஒன்றை, ஓடும் நிலையிலேயே பீடத்தில் ஏற்றி நினைவுச் சின்னமாக வைத்தால் அதுவும் வாகனம்தானா என்றார் ஃபுல்லர். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் யாரும் அந்தப் பூங்காவை விட்டு வெளியே வந்தபாடில்லை.

இப்படி விதிகளுக்குப் பொருள் சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரிடம் ‘ஆளுக்கு 20 நிமிடம்’ என்று விதி போட்டால் என்ன ஆகும்? நன்றி சொன்ன நேரம் அதில் சேருமா? ஸ்லைடு தலைகீழாக வந்த நேரம்? பதினெட்டாவது நிமிடத்தில் அவர் ‘முன்னுரையாக’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தலைவர் நாற்காலியில் இருந்த இளம் ஆய்வாளர் ‘2 நிமிடம்’ என்று எழுதிய அட்டையைக் காட்டினார். பேராசிரியர் புன்னகைத்தார். பாராட்டு என்று நினைத்திருக்கலாம்.

இருபத்தாறாவது நிமிடத்தில் தலைவர் எழுந்தார். அவரும் இதே துறைதானே? இரண்டு உரிமைகள் மோதும்போது எது எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று எடைபோட அலெக்ஸி ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். லேசான பாதிப்புக்கு 1, நடுத்தரத்துக்கு 2, கடுமையானதற்கு 4. “உங்களை இப்போது நிறுத்தினால் உங்களுக்கு லேசான பாதிப்பு, 1. நிறுத்தாவிட்டால் அடுத்துப் பேச வேண்டியவருக்குக் கடுமையான பாதிப்பு, 4. தயவுசெய்து உட்காருங்கள், பேராசிரியரே.” அறையில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியர் உட்காரவில்லை. இந்த மூன்று படியையும் மும்மூன்றாகப் பிரித்து ஒன்பதாக்கலாம் என்று அலெக்ஸியே சொல்லியிருப்பதை நினைவூட்டினார். தன் பாதிப்பு ஒன்பதில் எத்தனையாவது படி என்பதை விளக்க இன்னும் மூன்று நிமிடம் ஆயிற்று.

அவருடைய முழுத் திறமை வெளிப்படுவது அடுத்தவர் பேசி முடித்த பிறகுதான். மைக் எங்கே இருந்தாலும் அவர் கைக்கு வந்துவிடும். “எனக்குக் கேள்வி இல்லை, ஒரு சிறு குறிப்பு. மூன்று பகுதியாகச் சொல்கிறேன்.” முதல் பகுதி, அவர் எழுதிய ஒரு பழைய கட்டுரை. இரண்டாவது, அந்தக் கட்டுரையை யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாதது. மூன்றாவது மறந்துபோகும். ஆம்ஸ்டர்டாமில் வாதக் கோட்பாட்டாளர்களான வான் ஈமரனும் குரோட்டன்டார்ஸ்டும் நல்ல விவாதத்துக்குப் பத்து விதிகள் வகுத்தார்கள். ஒருவர் தன் கருத்தைச் சொல்வதை மற்றவர் தடுக்கக் கூடாது என்பது முதல் விதி. பேசுபொருளுக்குச் சம்பந்தம் உள்ள வாதத்தைத்தான் வைக்க வேண்டும் என்பது நான்காவது. பேராசிரியர் பத்தையும் வகுப்பில் நடத்துகிறவர். மைக் கையில் இருக்கும்போது முதல் விதியைத் தாண்டிப் போனதில்லை.

அன்று அவரிடம் மாட்டியவர் ஒரு முனைவர் பட்ட மாணவி. சட்ட வாதங்களைக் கணினிக்குக் கற்பிப்பது அவருடைய ஆய்வு. அந்த ஆய்வுக்காரர்களுக்குப் பூங்கா கிடையாது, நரிதான். துரத்தியவனுக்கா பிடித்தவனுக்கா நரி சொந்தம் என்று 1805-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்த்த வழக்கை இன்றைக்கும் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கிறார்கள். பேராசிரியர் குறிப்பை முடித்ததும் மாணவி, “மிக நல்ல கேள்வி” என்றார். கேள்வி எது என்று தேடியபடி பத்து விநாடி நின்றார்.

காபி இடைவேளையில் அதே பேராசிரியர் மாணவியைத் தேடிப் போனார். ஒரு கையில் காகிதக் கோப்பை, மறு கையில் காய்ந்த பிஸ்கட். பிஸ்கட்டை வாயில் கவ்விக்கொண்டு பேனாவை எடுத்தார். காகிதக் கைக்குட்டையை மேசையில் விரித்து டூல்மினின் படத்தை வரைந்தார். இடப்பக்கம் தரவு, வலப்பக்கம் முடிவு, நடுவில் ஓர் அம்பு. அம்புக்கு அடியில் ஒரு கட்டம். “தரவிலிருந்து முடிவுக்குப் போக உன்னை எது அனுமதிக்கிறது? உன் ஆறாவது ஸ்லைடில் இந்தக் கட்டம் காலி.” மாணவி பார்த்தார். காலிதான். அவர் கட்டுரையை வரிவிடாமல் படித்துவிட்டு வந்திருந்த ஒரே ஆள் பேராசிரியர். மைக் இல்லாதபோது அவர் பேச்சு நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இரவு விருந்தில், கணவரோடு ஊர் பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணி பக்கத்து நாற்காலியில் அகப்பட்டார். துறை பற்றி மரியாதைக்கு ஏதோ கேட்டுவைத்தார். ஃபுல்லர் 1949-ல் புனைந்த குகை வழக்கை எடுத்தார் பேராசிரியர். ஐந்து பேர் குகையில் சிக்கிக்கொள்கிறார்கள், பசி தாங்காமல் தாயம் உருட்டி ஒருவரைக் கொன்று தின்கிறார்கள், தப்பிய நால்வர் மேல் கொலை வழக்கு, ஐந்து நீதிபதிகளில் இருவர் இப்படி, இருவர் அப்படி, ஒருவர் ஒதுங்கிக்கொள்கிறார், தண்டனை நிற்கிறது. இதற்குள் இறைச்சித் தட்டு வந்துவிட்டது. “நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று ஆர்வத்தோடு கேட்டார். பெண்மணி சாலட் கேட்டார்.

மாநாட்டுத் தொகுப்புக்கான கட்டுரைகளை ‘ஆகஸ்ட் 31-க்குள்’ அனுப்பும்படி பதிப்பாசிரியர் கேட்டிருந்தார். 30-ஆம் தேதி பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் போயிற்று. 31-ஆம் தேதி இதில் அடக்கமா? எந்த நாட்டு நள்ளிரவு? விதியின் நோக்கம் தொகுப்பு சிறப்பாக அமைவது என்றால், அவசரத்தில் எழுதிய கட்டுரை அந்த நோக்கத்தையே கெடுக்காதா? பதிப்பாசிரியரும் சட்டத் தத்துவக்காரர். விதிக்கும் நோக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி இரண்டு பக்கம் பதில் எழுதினார். பேராசிரியர் நான்கு பக்கம் மறுத்தார். அடிக்குறிப்பும் உண்டு. நவம்பர் வரை இது நடந்தது. தொகுப்பு வெளிவந்தபோது அலெக்ஸியும் டுவோர்கினும் சமரசமாகும் கட்டுரை அதில் இல்லை. கடைசி அத்தியாயமாக, இருவர் பெயரிலும், அந்தக் கடிதப் போக்குவரத்து இருந்தது.