நிரந்தர முகவரி: சனி

(சனிக்கிழமை காலை. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற மாமா, நவக்கிரகத்துக்கு எள் தீபம் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறார். மருமகன் முத்து ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.)

மாமா: என்னடா சத்தம் இது? அண்டா மாடிப்படியில உருண்ட மாதிரி.

முத்து: சன் ரா, மாமா. அமெரிக்க ஜாஸ். சனி கிரகத்துல இருந்து வந்தவரு.

மாமா: சனியே, கிட்ட வராதேன்னு இப்பத்தான் நாலு விளக்கு போட்டுட்டு வர்றேன். நீ அவரு ஊர்க்காரனையே கூடத்துல உட்கார வச்சிருக்க! சரி, ஆதாரம்?

முத்து: அவரே சொன்னாரு.

மாமா: எங்க ஆபீஸ்ல எதிர்ல நின்னு பேசுறவன்கிட்டயே உயிரோட இருக்கறதுக்கு சர்டிபிகேட் கேட்போம். ரெக்கார்டுல என்ன பேரு?

முத்து: ஹெர்மன் பூல் பிளவுன்ட். 1914 மே 22, அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம்.

மாமா: மாட்டினான் பாரு!

முத்து: 1952ல சட்டப்படி பேரை மாத்திக்கிட்டாரு. லெ சோனியர் ரா.

மாமா: சட்டப்படியா? (துண்டை உதறி உட்காருகிறார்) முறையாத்தான் போயிருக்கான்.

முத்து: காலேஜ்ல படிக்கிறப்போ சனிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். காதுக்கு ஒரு ஆன்டெனா, கண்ணுக்கு மேல ஒரு ஆன்டெனா வச்ச ஆளுங்க. காலேஜை விட்டுடுன்னு சொல்லி அனுப்பினாங்களாம்.

மாமா: நீயும்தான் பாதியில விட்ட. உன்கிட்ட யாருடா வந்து சொன்னது?

முத்து: பதினோரு அரியர், மாமா.

மாமா: இந்த மாதிரி இவன் ஒருத்தன்தானா?

முத்து: ஜெர்மனியில ஸ்டாக்ஹவுசன்னு ஒரு இசையமைப்பாளர். சிரியஸ் நட்சத்திரத்துல பயிற்சி எடுத்தேன்னாரு. 1995ல நாலு ஹெலிகாப்டர்ல ஆளுக்கொருத்தரா ஏத்தி வயலின், செலோ வாசிக்க வச்சாரு.

மாமா: பெட்ரோல் யாரு காசு? சரி, உன் சனிக்காரனுக்கு வா. பர்மிங்ஹாம்னு சொல்லிக்க என்ன வெட்கம்?

முத்து: அந்த ஊர்ல கறுப்பருக்குத் தண்ணிக் குழாய் தனி, வண்டியில இடம் தனி, பள்ளிக்கூடம் தனி. 1942ல பட்டாளத்துக்கு வர மாட்டேன்னதுக்கு ஜெயில்ல போட்டாங்க. நீ எங்க ஊர்க்காரன்னு அந்த ஊரே சொல்லல. இவரு எதுக்கு மாமா சொல்லணும்?

(மாமா விரலில் ஒட்டிய எள்ளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.)

மாமா: ஃபாரத்துல ரெண்டு கட்டம் இருக்கேடா. தற்காலிக முகவரி பர்மிங்ஹாம். நிரந்தர முகவரி சனி. தள்ளுபடி பண்ண முடியாது. குடி, கூத்து எல்லாம் உண்டா?

முத்து: ஜிகினா அங்கி, தலையில தகடு, அதோட சரி. பிலடெல்பியாவுல ஒரே வீட்டுல மொத்த கோஷ்டியும். குடி கிடையாது, போதை கிடையாது. நடு ராத்திரி எழுப்பினாலும் ஒத்திகை.

மாமா: எங்க ஆபீஸ்ல பத்தரைக்கே ஆள் இருக்காது! இப்ப இருக்காரா?

முத்து: 1993ல பர்மிங்ஹாம்லயே போயிட்டாரு. அப்புறம் சாக்ஸபோன்காரர் மார்ஷல் ஆலன் கோஷ்டியைக் கையில எடுத்தாரு. 1924ல பிறந்தவரு. தன் பேர்ல முதல் தனி ஆல்பம் விட்டது 2025ல.

மாமா: நூறு வயசுலயா? மங்கு சனி, பொங்கு சனி, மரணச் சனி, மூணு சுத்தையும் பார்த்துட்டு வந்து ஊதுறான்! வை, கேட்போம்.

(இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்கிறார்.)

மாமா: சுருதி சேர்க்க இவ்வளவு நேரமா? பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?

முத்து: இது மூணாவது பாட்டு, மாமா.